ஹிட்ச்காக்கின் மௌனப் படங்களில் எதை முதலில் பார்ப்பது?

‘சைக்கோ’வையும் ‘ரியர் விண்டோ’வையும் இரண்டு மூன்று முறை பார்த்துவிட்ட ஒருவர், ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பேசாப்படக் காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அறிய விரும்பினால், அவர் முன் ஒன்பது படங்கள் இருக்கின்றன. 1925 முதல் 1929 வரை அவர் இயக்கி முடித்த மௌனப் படங்கள் பத்து. அவற்றுள் ‘தி மவுண்டன் ஈகிள்’ தொலைந்துபோயிற்று. சில நிழற்படங்கள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. மற்ற ஒன்பதையும் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2012 அளவில் சீரமைத்து வெளிக்கொண்டு வந்தது. ஒன்பதையும் வரிசையாகப் பார்க்கும் பொறுமை எல்லோருக்கும் இருக்காது, இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மாதம் ஒருமுறை பத்துப் பதினைந்து நண்பர்கள் கூடிப் படம் பார்க்கும் எங்கள் வட்டத்தில், ஒரே மாலையில் ஒரே ஒரு படத்தைத் திரையிட்டு மௌன சினிமாவை அறிமுகம் செய்ய வேண்டிய பொறுப்பு ஒருமுறை என்னிடம் வந்தது. அதற்காக இப்படங்களை மீண்டும் பார்த்து எடைபோட்டதன் விளைவே இக்கட்டுரை.

எடைபோட நான் வைத்துக்கொண்ட அளவுகோல்களை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். மௌனப் படத்துக்குப் பழகாத பார்வையாளரை முதல் கால்மணி நேரத்துக்குள் கதைக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். காட்சிகளுக்கு நடுவே வசனத்தையும் விளக்கத்தையும் காட்டும் எழுத்து அட்டைகளை நம்பாமல் படமே பேச வேண்டும். பின்னாளில் நாம் அறிந்த ஹிட்ச்காக், அதாவது குற்றத்தையும் சந்தேகத்தையும் பார்வையாளரின் மடியில் தூக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கும் அந்த மனிதர், அதில் தென்பட வேண்டும். இந்த மூன்றும் ஒரே படத்தில் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதுதான் தேர்வைக் கடினமாக்குகிறது.

இந்த அளவுகோல்களின்படி ஐந்து படங்களை அதிகத் தயக்கமின்றி ஒதுக்கிவிடலாம். முதல் படமான ‘தி பிளஷர் கார்டன்’, நடனப் பெண்கள் சுழற்படியில் இறங்கி வருவதையும் முன்வரிசைக் கிழவர்கள் அவர்களைக் கண்ணாடி வைத்து உற்றுப் பார்ப்பதையும் காட்டியபடி தொடங்குகிறது. பார்ப்பது என்ற செயலிலேயே ஒரு குற்றம் ஒளிந்திருக்கிறது என்று தன் வாழ்நாள் முழுவதும் சொல்லப்போகிறவர் அதை முதல் நிமிடத்திலேயே தொட்டுவிட்டார் என்பது வியப்புதான். ஆனால் அதன்பின் வரும் கதை ஒரு சாதாரண மெலோடிராமா. ‘ஈஸி வர்ச்சூ’ நோயல் கவார்டின் நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது. நாடகத்தின் உயிரே வசனம் என்பதால் மௌனப் படத்தில் அதற்கு மூச்சுத் திணறுகிறது. அதிலும் ஒரு காட்சியை மட்டும் விட்டுவிட முடியாது. திருமணம் செய்துகொள்ளக் கேட்டவனுக்குக் கதாநாயகி தொலைபேசியில் பதில் சொல்கிறாள். நாம் இருவரையும் பார்ப்பதில்லை. இணைப்பகத்தில் அமர்ந்து ஒட்டுக்கேட்கும் பெண்ணின் முகத்தை மட்டும் பார்க்கிறோம், அவள் முகம் மலர்வதிலிருந்து பதில் ‘சரி’ என்று தெரிந்துகொள்கிறோம். இப்படத்துக்கு 16 மி.மீ. பிரதிகள் மட்டுமே எஞ்சியதால் காட்சித் தெளிவும் குறைவு. ‘ஷாம்பெய்ன்’ தன் வாழ்வின் தாழ்ந்த நிலைகளில் ஒன்று என்று ஹிட்ச்காக்கே பின்னாளில் கருதினார்; அவரோடு வாதாட எனக்கு விருப்பமில்லை.

‘டவுன்ஹில்’ இவற்றைவிட மேலானது. செய்யாத தவறுக்காகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட இளைஞன் படிப்படியாகச் சரிவதைச் சொல்லும் கதை. அவன் சுரங்க ரயில் நிலையத்தின் நகரும் படியில் கீழ்நோக்கிப் போகும் ஷாட்டை எல்லோரும் குறிப்பிடுவார்கள்; அது கொஞ்சம் பச்சையான உருவகம் என்று ஹிட்ச்காக்குக்கே பின்னர் தோன்றியது. எனக்குப் பிடித்தது வேறொன்று. மாலை நேரக் கோட்டு அணிந்த கனவானாக அவனைக் காட்டுகிறார்கள். கேமரா விலகுகிறது, அவன் உணவகப் பணியாளன் என்று தெரிகிறது. இன்னும் விலகுகிறது, அது ஒரு நாடக மேடை என்றும் அவன் அதில் சிறு வேடக்காரன் என்றும் தெரிகிறது. ஒரே நிமிடத்தில் நம்மை இரண்டு முறை ஏமாற்றிவிடுகிறார். ‘தி ஃபார்மர்ஸ் வைஃப்’ மனைவியை இழந்த பண்ணைக்காரர் தனக்கேற்ற பெண்களின் பட்டியலைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருத்தியிடமாகப் போய் அடிபட்டுத் திரும்பும் இதமான நகைச்சுவை. வீட்டுப் பணிப்பெண் மிண்டாதான் கடைசியில் அவருக்கு வாய்க்கப்போகிறவள் என்பது பத்தாவது நிமிடத்திலேயே நமக்குத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. குடும்பத்தோடு பார்க்க நல்ல படம். சஸ்பென்ஸ் தேடி வந்தவரிடம் இதைக் காட்டினால், நீங்கள் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டீர்கள் என்பார்.

எஞ்சி நிற்பவை நான்கு: ‘தி லாட்ஜர்’, ‘தி ரிங்’, ‘தி மேங்க்ஸ்மன்’, ‘பிளாக்மெயி’லின் மௌன வடிவம். உண்மையான போட்டி இவற்றுக்கிடையேதான்.

யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பெயர் ‘தி லாட்ஜர்’. 1926இல் எடுக்கப்பட்டு 1927 தொடக்கத்தில் மக்கள் பார்வைக்கு வந்த இப்படத்தையே தன் முதல் படமாகக் கொள்ளலாம் என்று ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவிடம் சொன்னார். மேரி பெலாக் லவுண்ட்ஸ் 1913இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. லண்டன் மூடுபனியில் செவ்வாய்க்கிழமைதோறும் பொன்னிறக் கூந்தல்காரிகளைக் கொல்லும் ஒருவன் உலவுகிறான். அந்நாளில், கழுத்துத் துணியால் வாயை மூடிய ஓர் இளைஞன் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்று மாடி அறையை வாடகைக்குக் கேட்கிறான். அறைச் சுவரில் தொங்கும் பொன்னிறப் பெண்களின் படங்களை அவனால் பார்க்க முடியவில்லை. அவ்வீட்டுப் பெண் டெய்ஸிக்கும் பொன்னிறக் கூந்தல். அவளை விரும்பும் ஜோ ஒரு போலீஸ்காரன். முடிச்சு இவ்வளவுதான், ஆனால் இதைவிட இறுக்கமாக ஒன்றைப் போட முடியாது.

இப்படத்தின் பெயர்பெற்ற காட்சியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மாடியில் வாடகைக்காரன் நடைபோடுகிறான். கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். கூரையிலிருந்து தொங்கும் சரவிளக்கு லேசாக ஆடுகிறது. அடுத்து கூரையே கண்ணாடியாகிவிடுகிறது. அதன்மேல் இரண்டு பாதங்கள் முன்னும் பின்னும் நடக்கின்றன. இதற்காகத் தடித்த கண்ணாடியில் ஒரு தளம் செய்து, நடிகரை அதன்மேல் நடக்கவிட்டுக் கீழிருந்து படமெடுத்தார்கள். பேசும் படமாக இருந்தால் காலடி ஓசையோடு வேலை முடிந்திருக்கும். ஓசை இல்லாத இடத்தில் ஓசையைக் கண்ணுக்குக் காட்டுவது எப்படி என்ற கேள்விக்கு இது ஒரு விடை. 1924இல் ஜெர்மனியின் பாபெல்ஸ்பெர்க் ஸ்டுடியோவில் வேலை செய்தபோது அங்கே ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் படமெடுப்பதை அருகிலிருந்து பார்த்தவர் ஹிட்ச்காக் என்பது இப்படத்தின் படிக்கட்டுகளிலும் நிழல்களிலும் தெரிகிறது.

அப்படியானால் இதையே தேர்ந்தெடுத்துவிடலாமே என்றால், இரண்டு தடைகள். முதலாவது முடிவு. நூறாண்டை எட்டும் படம் என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன்: வாடகைக்காரன் குற்றமற்றவன், கொலையான முதல் பெண்ணின் அண்ணன். நாவல் வேறு திசையில் போகிறது. படத்திலோ அவன் கொலைகாரனா இல்லையா என்பதே தெரியாமல் இருளில் மறைந்துபோக வேண்டும் என்று ஹிட்ச்காக் விரும்பினார். ஆனால் அவ்வேடத்தில் நடித்தவர் ஐவர் நொவெல்லோ, அன்றைய பிரிட்டனின் கனவு நாயகன். அவரைக் கொலைகாரனாகவோ சந்தேகத்துக்குரியவனாகவோ அனுப்பிவைக்க யாருக்கும் துணிவில்லை. நட்சத்திரத்துக்காகக் கதையை வளைப்பது நமக்குப் புதிதா என்ன. விளைவாக, எண்பது நிமிடம் கட்டியெழுப்பிய ஐயம் கடைசி அத்தியாயத்தில் நன்றாகத் துடைத்து அலமாரியில் வைக்கப்படுகிறது. இரண்டாவது தடை, நொவெல்லோவின் நடிப்பு. கண்களை விரித்து, விரல்களை நெஞ்சில் படரவிட்டு அவர் வந்து நிற்கும்போது, மௌனப் படத்துக்குப் பழகாத கூட்டம் சிரித்துவிடும். எங்கள் வட்டத்தில் முன்னோட்டமாகப் பத்து நிமிடம் போட்டபோது அப்படித்தான் நடந்தது. சிரித்தவர்களைக் குறைசொல்ல மாட்டேன்; அந்த நடிப்பின் இலக்கணம் பழக்கத்தில் வருவது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. படத்தை முதலில் பார்த்த விநியோகஸ்தர் சி. எம். வுல்ஃப் அதை வெளியிட மறுத்தார். தயாரிப்பாளர் மைக்கேல் பால்கன், ஐவர் மாண்டேகு என்ற இளைஞரை அழைத்துப் படத்தைச் செப்பனிடச் சொன்னார். அவர் செய்தவற்றுள் முக்கியமானது எழுத்து அட்டைகளைப் பெருமளவு வெட்டியது. ஹிட்ச்காக் சினிமாவுக்குள் நுழைந்ததே, 1920களின் தொடக்கத்தில் லண்டன் இஸ்லிங்டன் ஸ்டுடியோவில் எழுத்து அட்டைகளை வடிவமைக்கும் வேலையில்தான். அட்டைகள் குறையக் குறையப் படம் வலுப்பெறும் என்ற பாடத்தை, அட்டை வரைந்து சம்பளம் வாங்கியவர் இன்னொருவர் கத்தரிக்கோலிலிருந்து கற்றுக்கொண்டார்.

அந்தப் பாடம் முழுமையாகப் பலித்த படம் ‘தி ரிங்’. 1927இல் எல்ஸ்ட்ரீயில் பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனத்துக்காக எடுத்தது. கதையையும் ஹிட்ச்காக்கே எழுதினார். சந்தைக் கூடாரத்தில் யார் வந்தாலும் முதல் சுற்றிலேயே வீழ்த்தும் குத்துச்சண்டைக்காரன் ‘ஒன் ரவுண்ட்’ ஜாக், சீட்டுக் கொடுக்கும் அவன் காதலி, அவளைக் கண்டு மயங்கும் ஆஸ்திரேலியச் சாம்பியன் பாப் கார்பி: மூவருக்கும் இடையே நடப்பது. தலைப்பே குத்துச்சண்டைக் களத்தையும் மோதிரத்தையும், சாம்பியன் அவளுக்குத் தரும் பாம்பு வடிவக் காப்பையும் ஒருசேரக் குறிக்கிறது.

கூடாரத்தில் ஒரு கம்பத்தில் சுற்றின் எண்ணைக் காட்டும் அட்டை தொங்குகிறது. ‘1’ என்ற அட்டை அழுக்கேறி, ஓரம் கிழிந்து, விரல் ரேகை படிந்து கிடக்கிறது. ஜாக்கோடு மோத வந்திருப்பவன் சாம்பியன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. முதல் சுற்று முடிகிறது, ஆள் விழவில்லை. உதவியாள் குழம்பிப்போய் ‘1’ அட்டையைக் கழற்றிவிட்டு ‘2’ அட்டையை எடுத்து மாட்டுகிறான். அது புத்தம் புதிதாகப் பளிச்சென்று இருக்கிறது; இதுவரை யாரும் அதைத் தொட வேண்டிய தேவையே வந்ததில்லை. ஒரு மனிதனின் முழு வரலாறும், அது அன்றோடு முடிவதும் இரண்டு அட்டைகளில் அடங்கிவிடுகின்றன. இன்னோரிடத்தில், வெற்றியைக் கொண்டாட நண்பர்களை வைத்துக்கொண்டு ஜாக் கோப்பைகளில் ஷாம்பெய்ன் ஊற்றிவிட்டு மனைவிக்காகக் காத்திருக்கிறான். அவள் சாம்பியனோடு எங்கோ இருக்கிறாள். கோப்பைகளில் குமிழிகள் ஒவ்வொன்றாக அடங்கி, மது தட்டையாகிப் போவதை மட்டும் கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது.

படமாக்கத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் ஒன்பதில் இதுவே தலைசிறந்தது என்பேன். ஆனால் இதில் கொலை இல்லை, மர்மம் இல்லை, முக்கோணக் காதல்தான். நடுப்பகுதி நீள்கிறது. மேலும், தொடக்கச் சந்தைக் காட்சியில் ஒரு கறுப்பின மனிதரைக் குறிபார்த்து எறிந்து மகிழும் விளையாட்டு வேடிக்கையாகக் காட்டப்படுகிறது. எழுத்து அட்டையொன்றில் இன்று யாரும் அச்சிடாத இனவசைச் சொல்லும் வருகிறது. அன்றைய பிரிட்டனின் அன்றாடம் அது என்பது விளக்கம், சமாதானம் ஆகாது. கூட்டமாகப் பார்ப்பதானால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

‘தி மேங்க்ஸ்மன்’ அவரது முழுமையான மௌனப் படங்களில் கடைசி, 1929இல் வெளியானது. மேன் தீவில் நடக்கும் ஹால் கெய்னின் கதையை கார்ன்வால் கடற்கரையில் எடுத்தார்கள். மீனவன் பீட், வழக்கறிஞன் ஃபிலிப், இருவரும் இளமை முதல் நண்பர்கள், இருவரும் கேட் என்ற பெண்ணை விரும்புகிறார்கள். ஹிட்ச்காக் இதை மிகவும் சாதாரணமான படம் என்று தள்ளிவிட்டார். இங்கே மட்டும் அவரோடு முரண்படுகிறேன். கேட் நள்ளிரவில் துறைமுக நீரில் குதிக்கிறாள். திரை முழுதும் கறுத்த நீர். அந்தக் கறுப்பு மெல்ல மாறி ஒரு மைக்கூடாகிறது. அதில் பேனாவைத் தோய்க்கும் கை, அன்றுதான் நீதிபதியாகப் பதவியேற்ற ஃபிலிப்பின் கை. தற்கொலைக்கு முயன்ற குற்றத்துக்காக அவளை அவன் முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவளைக் குதிக்க வைத்தவனே அவளுக்குத் தீர்ப்பு எழுத வேண்டும் என்பதை ஒரு சொல் இல்லாமல் சொல்லியாயிற்று. குற்றவுணர்வைப் பற்றிய படம் என்ற அளவில் ஹிட்ச்காக்கின் மைய நீரோட்டத்திலேயே இது இருக்கிறது. ஆனாலும் முதல் மாலைக்கு இது கனம், நடையும் மெதுவானது. கேட்டாக நடிக்கும் செக் நடிகை ஆனி ஆன்ட்ராவுக்காக இதைப் பிறகொருநாள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அதே ஆன்ட்ரா நடித்ததுதான் ‘பிளாக்மெயில்’. 1929இல் இதை மௌனப் படமாகத் தொடங்கி, இடையில் ஒலி வந்து சேர்ந்ததால் சில காட்சிகளைத் திரும்ப எடுத்துப் பேசும் படமாகவும் வெளியிட்டார்கள். ஆன்ட்ராவின் உச்சரிப்பு லண்டன் கடைக்காரர் மகளுக்குப் பொருந்தாததால், கேமராவுக்கு வெளியே நின்று ஜோன் பாரி என்ற நடிகை பேச, ஆன்ட்ரா வாயசைத்தார். பின்னால் குரல் சேர்க்கும் வசதி அன்று இல்லை. பேசும் வடிவத்துக்குத்தான் வரலாற்றில் இடம் கிடைத்தது. ஆனால் அன்று பல திரையரங்குகளில் ஒலிக்கருவிகள் இல்லாததால் மௌன வடிவமும் தனியாக வெளியாகி ஓடியது. பாதுகாத்து வைக்கப்பட்டிருக்கும் இவ்வடிவம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம், அவ்வளவே.

ஆலிஸ் தன் காதலனான துப்பறியும் அதிகாரி ஃபிராங்கோடு சண்டையிட்டுக்கொண்டு ஓர் ஓவியனின் மாடி அறைக்குப் போகிறாள். அவன் அவளைப் பலவந்தப்படுத்த முயல்கிறான். படுக்கையைச் சுற்றிய திரைச்சீலைக்குப் பின்னால் போராட்டம் நடக்கிறது. நமக்குத் தெரிவது அசையும் துணி மட்டும். திரைச்சீலைக்கு வெளியே ஒரு கை நீண்டு, பக்கத்து மேசையைத் தடவி, ரொட்டி வெட்டும் கத்தியைக் கண்டுபிடித்து உள்ளே போகிறது. துணி சற்று நேரம் அசைகிறது. பிறகு நின்றுவிடுகிறது. ஆணின் கை ஒன்று வெளியே சரிந்து தொங்குகிறது. அதன்பின் ஆலிஸ் விடியும்வரை லண்டன் தெருக்களில் நடக்கிறாள். மதுபான விளம்பர விளக்கில் குலுங்கும் குடுவை அவள் கண்ணுக்குக் குத்தும் கத்தியாக மாறுகிறது. நடைபாதையில் உறங்குபவனின் நீட்டிய கை செத்தவனின் கையாகத் தோன்றுகிறது. இந்த நடையில் ஓர் எழுத்து அட்டைகூடத் தேவைப்படவில்லை.

பின்னாளைய ஹிட்ச்காக்கை அறிந்தவருக்கு இங்கே எல்லாமே பழகிய முகங்கள். ஓவியன் அறையில் சிரிக்கும் கோமாளியின் படம் குற்றத்தின் சாட்சியாகப் படம் முழுதும் தொடர்கிறது. தொலைந்த கையுறைகளில் ஒன்று காதலன் கையிலும் மற்றொன்று மிரட்டுபவன் கையிலும் சிக்குகின்றன. சட்டத்தைக் காக்க வேண்டியவனே சான்றை மறைக்கிறான். கடைசித் துரத்தல் பிரிட்டிஷ் மியூசியத்தில், பிரம்மாண்டமான எகிப்திய முகத்தின் பக்கவாட்டில் கயிற்றில் இறங்கும் சிறு உருவமாக மிரட்டுபவன் தெரிகிறான். உள்ளே படமெடுக்கப் போதிய வெளிச்சம் இல்லை. எனவே அரை மணி நேரம் ஒளிபடவிட்டு எடுத்த நிழற்படங்களைக் கண்ணாடியில் பிரதிபலிக்கச் செய்து, நடிகர் நிற்கும் இடத்தில் மட்டும் கண்ணாடியின் பூச்சைச் சுரண்டிவிட்டு இரண்டையும் ஒரே சட்டகத்தில் பிடித்தார்கள். பெரிய நினைவுச் சின்னத்தின்மேல் சிறு மனிதன் தொற்றிக்கொண்டிருக்கும் இந்தப் படிமத்தை அவர் பின்னர் அமெரிக்காவிலும் விடவில்லை.

முடிவிலும் ‘தி லாட்ஜ’ரை இது வென்றுவிடுகிறது. இங்கேயும் ஹிட்ச்காக் விரும்பியது கிடைக்கவில்லை. தொடக்கத்தில் ஒரு குற்றவாளியைக் கைதுசெய்து, கைரேகை எடுத்து, கொட்டடியில் அடைப்பதை விரிவாகக் காட்டுகிறாரே, அதே வரிசையில் கடைசியில் ஆலிஸைக் கைதுசெய்து காட்ட நினைத்தார், தயாரிப்பாளர்கள் ஒப்பவில்லை. ஆனால் ஒப்பாமல் போனதால் படம் மழுங்கவில்லை. ஆலிஸ் தப்பிக்கிறாள், உண்மை காதலர் இருவருக்கு மட்டும் தெரியும், அதை அவர்கள் வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டும், அந்தக் கோமாளிப் படத்தை யாரோ அவர்களைக் கடந்து தூக்கிப் போகிறார்கள். ஐயத்தைத் துடைத்துவிடும் முடிவு ‘தி லாட்ஜ’ருடையது, ஐயத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் முடிவு இது.

ஆகவே என் தேர்வு ‘பிளாக்மெயி’லின் மௌன வடிவம். ஆன்ட்ராவின் நடிப்பு மிகையற்றது என்பதால் யாரும் சிரிக்க மாட்டார்கள். நீளமும் குறைவு. ஒருவர் சஸ்பென்ஸைத் தேடாமல் சினிமாவின் மொழியைப் படிக்க வருபவர் என்றால், தயங்காமல் ‘தி ரிங்’கிலிருந்து தொடங்கட்டும். ‘தி லாட்ஜர்’ இரண்டையும் பார்த்துக் கண் பழகிய பிறகு மூன்றாவதாக வரட்டும். அப்போது நொவெல்லோவின் விரல்களும் அழகாகத் தெரியும்.

எந்தப் படமானாலும் பிரதியைப் பார்த்து எடுக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய பிரதிகள் பல தவறான வேகத்தில் ஓடுகின்றன. மனிதர்கள் கோழி நடை நடக்கிறார்கள், முகங்கள் வெளுத்துக் கிடக்கின்றன. ‘தி லாட்ஜ’ரின் சீரமைக்கப்பட்ட பிரதியில் இரவுக் காட்சிகள் நீலமும் வீட்டின் உட்புறம் பழுப்பு மஞ்சளுமாக, அன்று இருந்தபடியே வண்ணம் தோய்ந்திருக்கின்றன, கறுப்பு வெள்ளைப் பிரதியில் பார்த்தவர் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறார். இசையும் கவனிக்க வேண்டியது. அப்பிரதிக்கு நிதின் சாஹ்னி அமைத்த இசை பல இடங்களில் சிறப்பாக இருந்தாலும், நடுவில் சொற்களோடு பாட்டு வரும்போது மௌனப் படத்தின் வாயில் யாரோ வசனம் திணித்தது போல எனக்குப் பட்டது. ‘பிளாக்மெயி’லுக்கு நீல் பிராண்ட் எழுதிய வாத்தியக்குழு இசை கிடைத்தால் அதையே எடுங்கள்.

‘பிளாக்மெயி’லின் பேசும் வடிவத்தை ஏற்கெனவே பார்த்தவர்களும் மௌன வடிவத்தைத் தவிர்க்க வேண்டாம். பார்க்காதவர்கள் மௌனத்தையே முதலில் பார்த்துவிட்டு, மறுநாள் பேசும் வடிவத்தில் கொலைக்கு அடுத்த நாள் காலை உணவுக் காட்சியை மட்டும் போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண் கொலையைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறாள். அவள் பேச்செல்லாம் மங்கி முணுமுணுப்பாகி, ‘கத்தி’ என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப ஆலிஸின் காதில் வந்து குத்துகிறது. ரொட்டி நறுக்கச் சொல்கிறார் அப்பா. அவள் கை நடுங்கி, கத்தி எகிறி விழுகிறது.